ஷீட்ட குத்தம் சொல்லாதீங்க, ஸ்க்ரூவ பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கடலோர ஊருங்கள்ல கலர் ஷீட் கூரை நாலஞ்சு வருஷத்துலயே துருப்புடிச்சு ஒழுகுதுன்னு படத்தோட ஒரு செய்தி போட்டிருந்தீங்க. நான் அத போன்ல இ-பேப்பர்ல பெருசாக்கி பாத்தேன். ஷீட் நல்லாத்தான் சார் இருக்கு. ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலேருந்தும் ஒரு செம்பட்டை கோடு வழிஞ்சிருக்கு, துரு அங்கேருந்துதான் கெளம்புது. செய்தியில ஷீட்டு தரத்த பத்தி அவ்ளோ எழுதிட்டு ஸ்க்ரூங்கிற வார்த்தையே ஒரு எடத்துல கூட இல்ல.

நான் வேதாரண்யத்துக்காரன், சிங்கப்பூர்ல 11 வருஷம் ஏசி டக்ட் வேலை, அதாவது முழுக்க தகரமும் ஸ்க்ரூவுமா பாத்துட்டு வந்து இப்ப ஊர்ல சின்னதா பட்டறை வச்சிருக்கேன். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வந்துட்டுப் போனப்புறம் இங்க கீத்தும் ஓடும் பறந்த வீட்டுக்கெல்லாம் ஷீட்டுதான் ஏறுச்சு. எங்க அக்கா வீட்டுக்கும் அடுத்த வருஷம் போட்டாங்க, நான் அப்ப ஊர்ல இல்ல. போன ஐப்பசி மழையில அடுப்படி பூரா சொட்டுதுன்னு மச்சான் கூப்பிட்டாரு, ஏறிப் பாத்தா ஷீட்டுல ஒரு கீறல் இல்ல, ஆனா பாதி ஸ்க்ரூவுக்கு தலையே இல்ல. விரல வச்சு தட்டினா பிஸ்கட் மாதிரி உதிருது. முகட்டுப் பக்கம் போனா இன்னும் கூத்து, ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கருப்பு ஸ்க்ரூவ மிச்சம் இருந்துச்சு போல, அத கொண்டாந்து அடிச்சிருக்காரு அந்த ஃபிட்டர். அது ஏசி ரூமுக்குள்ள மரத்துலயும் லேசான சேனல்லயும் நிக்கிற ஸ்க்ரூ சார், மேல இருக்குற கருப்பு வெறும் பாஸ்பேட் பூச்சு, மழைக்கு ஒரு வருஷம் தாங்காது, பக்கவாட்டுல லோடு வந்தா முறுக்கு மாதிரி ஒடியும்.

தலைய பத்தி முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா கடையில யாரும் கேக்கறதே இல்ல, "ஷீட்டுக்கு அடிக்கிற ஸ்க்ரூ அரைக்கிலோ குடு"ன்னு வாங்கிட்டு வந்துடுறாங்க. புயல் காத்து கூரைய மேலேருந்து அமுக்கி உடைக்கிறதில்ல, மேல உறிஞ்சுது, அதுவும் ஓரத்துலயும் முகட்டுலயும்தான் அந்த உறிஞ்சல் ஜாஸ்தி. ஸ்க்ரூ கீழ ஷீட்ட தாங்குற இரும்பு டியூப்புல கெட்டியா புடிச்சிருக்கும், ஆனா தலை சின்னதா இருந்தா அரை மில்லி தகரம் கிழிஞ்சு தலை வழியாவே உருவிக்கிட்டு பறந்துடும், ஸ்க்ரூ மட்டும் மொட்டையா நிக்கும். கஜாவுக்கு மறுநாள் இங்க இத கண்ணால பாத்தவங்க எத்தனையோ பேரு. அதனால கூரைக்கு ஆறுபட்டை தலை, அதோடவே சேந்த அகலமான வாஷர், அதுக்கு அடியில ஈபிடிஎம்னு வெயில் மழை தாங்குற ரப்பர், இது மூணும் வேணும். ஓரத்துலயும் முகட்டுலயும் நெருக்கி அடிக்கணும், நடுவுல போடுற இடைவெளிய அங்கயும் போடக்கூடாது.

சிஎஸ்கே ஸ்க்ரூன்னு ஒண்ணு தருவாங்க (கிரிக்கெட் இல்ல, தட்டையா உள்ள எறங்குற தலை), அது கதவு கீலுக்கும் கனமான பட்டைக்கும் சரி, மெல்லிசு தகரத்துல அந்தத் தலை உக்கார்ற குழிய போட்டாலே தகரம் தீந்துடும், அப்புறம் என்னத்த புடிக்கும். சுவிட்ச் பெட்டி, டக்ட் ஜாயிண்ட்டுக்கு உருண்ட பேன் தலை போதும். தகரம் ரொம்ப மெல்லிசா இருந்து தலை உசரமா துருத்திக்கிட்டு நிக்கக் கூடாதுன்னா அகலமான தட்டைத் தலை வருது, வேஃபர்னு கேட்டா குடுப்பாங்க.

இப்ப மெட்டீரியல். இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம், நானும் ஏமாந்திருக்கேன். கடையில "எஸ்எஸ் சார், துருவே புடிக்காது"ன்னு குடுக்குறதுல நெறைய 410ங்கிற கிரேடு. அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், பொய் இல்ல, ஆனா குரோமியம் 12 சதவீதம் பக்கம்தான், நிக்கல் இல்லன்னே வச்சுக்கலாம், உப்புக்காத்துல பொறிப்பொறியா துரு வந்துடும். 304ல குரோமியம் 18, நிக்கல் 8. 316ல அதுக்கு மேல மாலிப்டினம் 2லேருந்து 3 வரைக்கும் இருக்கும், உப்பளத்துக்கும் கடலுக்கும் பக்கத்துல அதுதான் நிக்கும். ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க, பட்டுன்னு ஒட்டிக்கிட்டா அது 304 இல்ல. 304லயும் தலைய அடிச்சு வடிவம் பண்ணின எடத்துல லேசா இழுக்கும், அத வச்சு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. 410 ஏன் இவ்ளோ ஓடுதுன்னா, சூடு பண்ணி கெட்டியாக்கலாம், அதனால தானா ஓட்டை போட்டுக்கிட்டு இரும்புல எறங்கும். 304 முனை அப்படி எறங்காது, மழுங்கிடும், முதல்ல ட்ரில் போட்டுட்டுத்தான் மாட்டணும், இல்லன்னா முனை மட்டும் இரும்பு வச்சு ஒடம்பு 304ல வர்றத தேடி வாங்கணும்.

சரி அப்ப கூரைக்கும் நல்ல எஸ்எஸ்ஸே போட்டுடலாமேன்னு மச்சானும் கேட்டாரு. அங்கயும் ஒரு சிக்கல் இருக்கு. கலர் ஷீட்டுக்கு பெயிண்ட்டுக்கு அடியில துத்தநாகமோ, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சோதான் காவல். உப்புத்தண்ணி ஈரத்துல எஸ்எஸ்ஸும் அந்தப் பூச்சும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு கெடந்தா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு ஓட்டைய சுத்தி பூச்சுதான் கரையும், ஸ்க்ரூ பளபளன்னு நிக்கும். கடலோரத்துல இந்த ஷீட்டுக்கு கனமான கோட்டிங் போட்ட இரும்பு ஸ்க்ரூதான் பொருத்தம். ஆஸ்திரேலியாவுல ஸ்க்ரூ கோட்டிங்க 1லேருந்து 4 வரைக்கும் கிளாஸ் பிரிச்சு வச்சிருக்காங்க, 1ம் 2ம் வீட்டுக்குள்ள, 3 வெளிய, 4 கடலோரம். நம்ம கடையில மஞ்சளா பளபளன்னு கெடக்குது பாருங்க ஜிங்க் ஸ்க்ரூ, அது உள்வேலைக்குத்தான். முழு அலுமினிய ஷீட்டா இருந்தா எஸ்எஸ் போடலாம், ஆனா நடுவுல ரப்பர் இருந்தே ஆகணும்.

அந்த ரப்பரையும் நம்ம ஆளுங்க சும்மா விடறதில்ல, மெஷின ஃபுல் ஸ்பீடுல வச்சு அமுக்கி ரப்பர் வெளிய பிதுங்கி வர்ற வரைக்கும் முறுக்குறாங்க, ரெண்டு வெயில்ல வெடிச்சுப் போகுது. வாஷர் ஓரம் வரைக்கும் வந்து லேசா அமுங்கினா நிறுத்திடணும். அடிக்கிறது ஷீட்டோட மேட்டுல அடிக்கணும், தண்ணி ஓடுற பள்ளத்துல இல்ல. அக்கா வீட்டு ஷீட்டு மேடு 28 மில்லிமீட்டர் உசரம், 55 மில்லி நீளத்துல வாங்கினேன், பத்துச்சு.

எனக்கு கோவம் எதுலன்னா, மச்சான் வச்சிருந்த பழைய எஸ்டிமேட்டுல ஷீட்டோட கனம், கலரு எல்லாம் எழுதியிருக்கு, கடைசியில "ஸ்க்ரூ வகையறா"ன்னு ஒரே வரி. அந்த வகையறாவுல போனதுதான் கூரை. என்ன தலை, என்ன மெட்டீரியல், என்ன கோட்டிங்னு பில்லுல எழுதித் தரச் சொல்லி வாசகருங்க கேக்கணும், எழுத மாட்டேன்னா வேற கடைக்குப் போங்க. நீங்களும் அடுத்த தடவை இதப்பத்தி செய்தி போடும்போது ஒரு ஃபிட்டர கூப்பிட்டு கேட்டுட்டுப் போடுங்க சார்.

இப்ப மழைக்கு முன்னாடி ஸ்க்ரூ மாத்தப் போறவங்களுக்கு ஒண்ணு. பழைய ஓட்டையில அதே சைஸ திரும்ப போட்டா சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், புடிக்காது. 12 நம்பர் கழட்டின எடத்துல 14 நம்பர், அதாவது 5.5 மில்லி இருந்த எடத்துல 6.3 மில்லி வாங்குங்க.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்,
வேதாரண்யம்.