பொருள்: வெளி கிளாக், லேன் கேபிள் இரண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு 82,500 ரூபாயைத் தரக் கோருதல்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், சென்னை
பெறுநர்: குறைதீர் அலுவலர், ஆடியோ கருவிகள் விற்பனைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையக் கடையில் 68,000 ரூபாய்க்கு ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் வெளி கிளாக்கும் (டிஜிட்டல் ஆடியோ கருவிகளுக்கு வெளியிலிருந்து தாளம் கொடுக்கும் பெட்டி), 14,500 ரூபாய்க்கு மூன்று மீட்டர் லேன் கேபிளும் (நெட்வொர்க் கேபிள்) வாங்கினேன். இரண்டும் பழுது என்று நான் சொல்லவில்லை. கிளாக்கில் விளக்கு எரிகிறது, கேபிள் வழியே பாட்டு வருகிறது. ஆனால் என் வீட்டில் இருக்கும் அமைப்பில் இவற்றுக்கு வேலையே கிடையாது. ஆர்டர் எடுக்கும் முன்பே அது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் என் கருவிகளின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னதே உங்கள் ஆள்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'சூப்பர் சார், பக்காவா செட் ஆகும்' என்று பதில் வந்தது. அது இன்னும் என் போனில் இருக்கிறது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிளாக் என்றால் எனக்குத் தனி மரியாதை உண்டு. இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் ஒரு லைனில் நொடிக்கு 20,48,000 பிட் ஓடும். இந்தப் பக்கத்துக் கிளாக்கும் அந்தப் பக்கத்துக் கிளாக்கும் ஒத்துப்போகாவிட்டால் 'ஸ்லிப்' விழும், அதாவது சில பிட்டுகள் விடுபடும் அல்லது இரண்டு தடவை வரும். பேசுகிறவர் காதில் ஒரு 'டக்' கேட்கும். ஃபேக்ஸ் போய்க்கொண்டிருந்தால் நடுவில் சில வரிகள் கெட்டுப்போகும். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் விளம்பரத்தை நம்பினேன். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் 68,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

எக்ஸ்சேஞ்சிலும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலும் வெளி கிளாக் வைப்பது பல கருவிகள் ஒரே தாளத்தில் போகவேண்டும் என்பதற்காக. என் வீட்டில் இருப்பது டிஜிட்டல் எண்ணை ஒலியாக மாற்றும் ஒரே ஒரு டி.ஏ.சி. அது யாரோடு தாளம் சேரவேண்டும்?

இன்னொன்று. உங்கள் கிளாக் போய்ச் சேர்வது, நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமருக்கு. ஸ்ட்ரீமரிலிருந்து டி.ஏ.சி.க்குப் பாட்டு யு.எஸ்.பி. வழியாகப் போகிறது. அந்த யு.எஸ்.பி. 'அசிங்க்ரனஸ்' முறையில் வேலை செய்வது. அந்த முறையில் டேட்டா எந்த வேகத்தில் வரவேண்டும் என்று கேட்டு வாங்குவது டி.ஏ.சி.யே. எண்ணை ஒலியாக மாற்றும் நேரத்தைச் சொல்வது அதற்குள் இருக்கும் சொந்தக் குவார்ட்ஸ் படிகக் கிளாக். ஸ்ட்ரீமருக்கு வெளியே நீங்கள் எவ்வளவு உயர்ந்த கிளாக்கை மாட்டினாலும் அது அந்த இடத்தை எட்டாது. போட்டோவைப் பார்த்த உங்கள் ஆளுக்கு இது தெரியாது என்றால் அவர் விற்கக்கூடாது. தெரியும் என்றால் இன்னும் மோசம்.

சரி, டி.ஏ.சி.யிலேயே கிளாக் மாட்டும் வசதி இருந்திருந்தால்? சி.டி. தரப் பாட்டுக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள். அதற்கு டி.ஏ.சி.க்குள் வழக்கமாக இருப்பது 22.5792 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ். 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து அந்த எண்ணைப் பெற உள்ளே ஒரு பி.எல்.எல். சுற்று (ஒரு அதிர்வெண்ணிலிருந்து இன்னொன்றை உண்டாக்குவது) வைத்துத் தயாரிக்கவேண்டும். சிப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல குவார்ட்ஸைவிட இந்தச் சுற்றுவழியில் ஜிட்டர், அதாவது தாளத்தின் நுண்ணிய தடுமாற்றம், கூடவும் வாய்ப்பு உண்டு. விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கும் துல்லியமும் வேறு சங்கதி. சாதாரணக் குவார்ட்ஸ் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால்கூட, ஐந்து நிமிடப் பாட்டு 15 மில்லி செகண்டு முன்பின்னாக முடியும். அவ்வளவுதான்.

காதால் கேட்டும் பார்த்தேன். என் பேத்தி நாணயம் சுண்டிப் போட்டு, தலை விழுந்தால் கிளாக்கை மாட்டுவாள், பூ விழுந்தால் கழற்றுவாள். நான் பார்க்கக்கூடாது. 16 முறையில் 7 முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலே 8 வந்திருக்கும் என்று அவள் சிரித்தாள்.

கேபிள் கதை இதைவிடக் கொடுமை. லேனில் பாட்டு பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒன்று கெட்டால் மறுபடி கேட்டு வாங்கி, ஸ்ட்ரீமரின் பஃபரில் சேர்த்து வைத்த பிறகுதான் ஒலிக்கிறது. பாட்டு ஓடும்போதே உங்கள் கேபிளைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகும் இருபது நொடிக்கு மேல் பாட்டு நிற்காமல் ஓடியது. கேபிளே இல்லாமல் பாடிய அந்த இருபது நொடியில் நீங்கள் எழுதியிருந்த 'வெல்வெட் போன்ற ஆழம்' எங்கிருந்து வந்தது என்று விளக்கினால் நல்லது.

அதுவரை நஷ்டம் பணத்தோடு நின்றிருந்தது. உங்கள் கேபிள் முழுக்க ஷீல்டு செய்தது, இரண்டு முனையிலும் உலோகக் கவசம். ஹாலில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் எர்த்தும் படுக்கையறை ஸ்ட்ரீமரின் எர்த்தும் அந்தக் கவசம் வழியாகக் கை கோத்துக்கொண்டன. அதனால் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ராத்திரி ஆலாபனை கேட்க உட்கார்ந்தால் தம்புராவுக்குப் பக்கத்தில் சுருதி சேராத இன்னொரு தம்புரா. ரிச்சி தெருவில் 150 ரூபாய்க்கு வாங்கிய என் பழைய ஷீல்டு இல்லாத கேபிளை மாட்டினேன், இரைச்சல் போய்விட்டது. மறுபடி உங்களுடையதை மாட்டினேன், வந்துவிட்டது. இரண்டையும் போனில் பதிவு செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சொல்ல வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். கேபிளுக்கு 200 மணி நேரம் 'பர்ன்-இன்' (ஓடவிட்டுப் பழக்குவது) தேவை, அதுவரை பொறுங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நானும் பொறுத்தேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ராப்பகலாக நிறுத்தாமல் ஓடவிட்டாலே எட்டு நாளுக்கு மேல் ஆகும். தினம் நான்கு மணி நேரம் கேட்கிற என்னைப் போன்றவனுக்கு 50 நாள். நீங்கள் பொருளைத் திருப்பி எடுக்கும் கெடுவோ 10 நாள். அடுத்த முறை போன் செய்தபோது கெடு முடிந்துவிட்டது என்றார்கள். என் காது இன்னும் பழகவில்லை என்றும் ஒருவர் சொன்னார். வயது 67, அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரைச்சல் நன்றாகவே கேட்கிறது.

இரண்டு பொருளையும் எடுத்துக்கொண்டு 82,500 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். கூப்பனோ, 'இன்னும் நல்ல' கேபிளோ வேண்டாம். எந்த அமைப்பில் கிளாக் பயன்படும், எதில் பயன்படாது என்பதை விற்பனைப் பக்கத்தில் பச்சையாக எழுதுங்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் இந்தக் கடிதம் கிடைத்தது என்று பதில் தரவேண்டும், ஒரு மாதத்தில் குறையைத் தீர்க்கவேண்டும். இல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, தவறான விளம்பரம் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், எனக்கு நேரமும் இருக்கிறது.

இரண்டையும் அவற்றின் பெட்டிகளில் வைத்து ஒட்டிவிட்டேன். கூரியர் ஆள் காலை 11 மணிக்குப் பிறகு வரட்டும். அதுவரை நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன், காலிங் பெல்லைக் கொஞ்சம் அழுத்தி அடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்