நல்ல ரிசல்ட் வந்த பிறகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒருவர் கேட்ட கேள்விக்கு, ‘இரைப்பையில் தங்கிப் புற்றுநோய்க்கு வழிவிடும் ஹெச். பைலோரி கிருமி ஒழிந்துவிட்டது, இரைப்பையின் நிலையைக் காட்டும் பெப்சினோஜன் அளவும் ரத்தத்தில் சரியாகிவிட்டது, இனி நிம்மதியாக இருங்கள்’ என்று சென்ற இதழில் பதில் போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நாலு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. என் வீட்டுக்காரருக்கு ஆரம்பத்திலேயே கட்டியைக் கண்டுபிடித்து, வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே எடுத்துவிட்டார்கள். அப்புறம் கிருமிக்கு 14 நாள் மாத்திரை. வாய்க்கசப்பு தாங்காமல் கொழுந்து பறிக்கும்போதும் கல்கண்டை அடக்கிக்கொண்டே நிற்பார். பெப்சினோஜனில் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் உள்ள விகிதம் 2.1-லிருந்து 3.9-க்கு ஏறியது, ஏறினால் நல்லது என்றார்கள். அந்த ரிப்போர்ட்டை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். வருடா வருடம் எண்டோஸ்கோபிக்கு வா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் போகவில்லை. இரண்டாவது வருடம் இரைப்பையில் வேறொரு இடத்தில் இன்னொரு கட்டி.

பிறகு பார்த்த டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். கிருமி செத்தால் இரைப்பையின் வீக்கம் வடியும், பெப்சினோஜனில் இரண்டாம் வகை சீக்கிரமே இறங்கும், அதனால் விகிதம் நன்றாகத் தெரியும். ஆனால் பல வருடமாகப் புண்பட்டுக் குடலின் உள்தோல் மாதிரி மாறிப்போன இடங்கள் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, அங்கே மறுபடி கட்டி வரலாம். கொரியாவில் இப்படிக் கட்டி எடுத்தவர்களை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமிக்கு மருந்து எடுக்காதவர்களில் 13.4 சதவீதம் பேருக்குப் புதுக் கட்டி வந்திருக்கிறது, எடுத்தவர்களில் 7.2 சதவீதம். பாதியாகக் குறைந்தது பெரிய விஷயம்தான், மருந்து கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் அந்த 7 பேரில் ஒருவர் என் வீட்டில் இருக்கிறார்.

எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. மருந்து முடிந்ததும் ஒரு லேபில், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளை ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து ‘கிருமி இன்னும் இருக்கிறது’ என்றார்கள். கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும் என்பது தெரியாமல் ஒரு வாரம் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. கிருமி போய்விட்டதா என்று ஊதவைத்துப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து, குஞ்சப்பனையில் யானை விலகும்வரை காத்திருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தால், ‘அசிடிட்டி மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். இதை முதலிலேயே சொல்ல எத்தனை நொடி ஆகும்? உங்கள் இதழிலும் முன்பு ஒருமுறை அல்சருக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். அல்சரை உண்டாக்கும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005-லேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று என்று எழுதிப் போட்டேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை.

அது போகட்டும். ரிசல்ட் நன்றாக வந்தாலும் டாக்டர் சொல்லும் தேதியில் எண்டோஸ்கோபியை விடக்கூடாது என்று அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள். கேள்வி கேட்டவரின் முகவரி உங்களிடம் இருக்கும். இதழ் வரும்வரை காத்திருக்காமல், அவர் அடுத்த எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கிவிட்டாரா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி