செவ்வாய்ப் படையெடுப்பும் ஏற்காட்டு ஈரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இசைத்தட்டுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை கண்டோம். எங்களுக்குப் பிடித்த ஒரு தொகுப்பையும், தட்டுகளைப் பேணும் முறையையும் சொல்கிறோம். செவ்வாய்வாசிகள் பூமி மீது படையெடுப்பதைச் சொல்லும் எச்.ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ (1898) நாவலை இசையமைப்பாளர் ஜெஃப் வெய்ன் 1978-இல் இசைத்தொகுப்பாக்கினார். இரண்டு தட்டு, நான்கு பக்கம். நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் கதைசொல்லும் குரல்தான் அதன் உயிர். பேஸை (அடித்தள ஒலியை) கூட்டினால் குரல் அமுங்கிவிடும்; நம்மவர்கள் முதலில் திருகுவதே அதைத்தான்!

சேலத்து வெயிலில் காருக்குள் விட்ட தட்டு நெளியும். ஏற்காட்டு ஈரத்திலோ உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அப்படியே ஓட்டினால் அழுக்கு ஊசியில் திரண்டு ஒலி கரகரக்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், லேபிள் நனையாமல், தட்டின் வட்ட வரிகளின் போக்கிலேயே துடைத்து, செங்குத்தாக நிறுத்திவைத்து உலர்த்த வேண்டும். ஈரம் வாங்கிய பழைய காகித உறையில் திரும்பப் போடாதீர்கள்.

– இசைத்தட்டு ரசிகர்கள், அஸ்தம்பட்டி, சேலம்.