எந்த நல்லூர்?

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
20 ஜூலை 2025

அன்புள்ள சேகர்,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து மூன்று வாரமாகிறது. நான் ஆலையிலிருந்து வந்து, குளித்து, போனை எடுக்கும்போது அங்கே மணி பத்தரை. நீ குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய். நாங்கள் உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறோம். தவிர, உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வாயால் சொன்னால் மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. சின்னவனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? அனுப்பு. ஆனால் ஒப்பந்தத் தாளைக் கையில் வாங்கி, வரிவரியாகப் படித்த பிறகு ஏஜென்ட்டுக்குப் பணம் கொடு. என்னிடம் அந்த ஆள் "ரூமு, சாப்பாடு, போக வர டிக்கெட், எல்லாம் கம்பெனி சார்" என்றான். வந்து பார்த்தால் ரூம் கம்பெனியுடையது, சாப்பாடு என்னுடையது. டிக்கெட் போவதற்கு மட்டும். வருவதைப் பற்றித் தாளில் பேச்சே இல்லை. அப்புறம், இங்கே என் வேலை அனுமதி என்னை எடுத்த கம்பெனியோடு கட்டிப்போட்டது. பிடிக்கவில்லையென்று திருப்பூரில் மாதிரி அடுத்த தெரு கம்பெனிக்குத் தாவ முடியாது. அவன் போகிற நாட்டில் இது எப்படி என்று மறக்காமல் விசாரிக்கச் சொல்.

ஆலையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அதே ஓவர்லாக், அதே பேட்லாக் தையல் மெஷின், டெலிவரி தேதி நெருங்கினால் அதே வயிற்றுக் கலக்கம். லைனில் வங்கதேசத்துப் பையன்களும் மடகாஸ்கர் பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மெயில் ஆங்கிலத்தில் வரும், செய்தித்தாள் பிரெஞ்சில் வரும், ஜனங்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். முதல் மூன்று மாதம் நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். வந்த சில வாரத்தில் பெலால் புயல் வேறு. 2024 ஜனவரி 15. போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதைப் பார்த்தவன், மறுநாளே டிக்கெட் விலை விசாரித்தேன். இப்போது 'க்ளாஸ் டூ', 'க்ளாஸ் த்ரீ' என்று எச்சரிக்கை வந்தால் மெழுகுவர்த்தியும் பிரட்டும் வாங்கி வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஊர் பிடித்துப்போனது ஒரு சனிக்கிழமை, போர்ட் லூயிஸ் மார்க்கெட்டில். ரசம் வைக்கக் கொத்தமல்லி வேண்டும். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்த பிரெஞ்சுப் பெயரைச் சொன்னேன். கீரை விற்கிற அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். கட்டைக் காட்டினேன். "ஆ, கோத்தோமிலி!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்துக் கொத்தைக் காட்டினேன், "காரிபுலே". கறிவேப்பிலைதான்டா! முருங்கைக்கீரைக்கு "ப்ரேத் முரும்", பீர்க்கங்காய்க்கு "பிப்பங்காய்", ரசத்துக்கு "ரஸோன்". அவள் தமிழச்சிகூட இல்லை. இந்தத் தீவில் எல்லாருக்கும் அதுதான் பெயர். கையில் பையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாகக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டே நின்றேன். நான்கு கட்டு கீரை வாங்கிய பிறகுதான் விட்டாள்.

நோட்டிலும் தமிழ் இருக்கிறது, தெரியுமா? நூறு ரூபாய் நோட்டில் இருக்கிற படமே ரங்கநாதன் சீனிவாசன் என்கிற தமிழர். 1998இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்து எழ, அந்த நோட்டையே திரும்ப வாங்கவேண்டியதாயிற்று. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் கட்டிங் செக்‌ஷன் பெரியவர். சொன்னது கிரியோலில். வீட்டில் தமிழ் பேசாத மனிதர், நோட்டில் தமிழ் எத்தனாவது வரியில் இருக்கவேண்டும் என்பதற்கு ஊர்வலம் போயிருக்கிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிப்ரவரியில் தைப்பூசத்துக்கு அவரோடு நடந்த பிறகு வரவில்லை. பத்து நாள் கவுச்சி தொடாமல் விரதம். காவடியின் இரண்டு முனையிலும் பால் செம்பு; அதைச் 'சம்போ' என்கிறார்கள். வெயிலில் அத்தனை தூரம் நடந்தும் பால் திரியக்கூடாது. திரியவில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. நான் கடைசியாகத் தைப்பூசத்துக்கு விரதம் இருந்தது பிளஸ் டூவில், அதுவும் நீ பாஸாக வேண்டும் என்று.

ஆனால் ஒன்று. இத்தனை தமிழருக்கு நடுவில் என்னை "டேய்" என்று கூப்பிட ஒருத்தன் இல்லை. பெரியவருக்கு நான் 'மிஸ்யே', அதாவது 'ஐயா'. ஞாயிற்றுக்கிழமைகளில் அது கொஞ்சம் கனக்கிறது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். பெரியவரின் குடும்பப் பெயர் 'ஆர்மூகோம்'. நம் ஆறுமுகம்தான். கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதிவைக்க, அதுவே வம்சப் பெயராகிவிட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 5 வருஷம், மாதம் 5 ரூபாய், அரிசி பருப்பு தனி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்களாம். 1834இலிருந்து இப்படிச் சுமார் நாலரை லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். இறங்கிய துறைமுகத்தில் ஏறிய பதினாறு படிகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் அப்படி வந்த கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. பெரியவர் நகல் வாங்கிவந்து மேஜையில் விரித்தார். ஊர் என்ற இடத்தில் முன்பாதி மை ஊறிப்போய்க் கடைசியில் 'நெல்லூர்' மட்டும் தெரிகிறது. "ஆந்திராதானே?" என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். நான் மேல் வரியைப் பார்த்தேன். தாலுகா: கோம்பகோனம். ஜில்லா: தஞ்சாவூர். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது நெல்லூர் இல்லை, ஏதோ ஒரு நல்லூர். பாபநாசம் பக்கத்து நல்லூரா, பந்தநல்லூரா, வேறு ஏதாவதா? தாலுகா ஆபீசில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நீ, பழைய எல்லைகள் உனக்குத்தான் தெரியும். தகப்பன் பெயர் 'வைத்தி' என்று இருக்கிறது. நகலைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்.

பெரியவர் டிசம்பரில் வரலாமா என்று கேட்கிறார். உன் வீட்டு மாடி ரூம் காலிதானே? அவருக்குத் தமிழ் வராது, உனக்குக் கிரியோல் வராது. கோத்தோமிலி போட்டு ரஸோன் வை, போதும்.

உன்
ரவி