பூனைக்கு நூல்கண்டு வேண்டாம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. நாய்க்குட்டி வந்ததும் உன் பூனை அலமாரியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாமே, கொஞ்ச நாளில் சரியாகிவிடும், விடு. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து இப்போது தானே செய்தித்தாள் படிக்கிறார். எங்கள் நாய்க்குத்தான் வயதாகிவிட்டது, மெத்தென்ற ரப்பர் பந்தை மட்டும்தான் கவ்வுகிறான்.

உன் பூனைக்கும் நாய்க்குட்டிக்கும் என்ன பொம்மை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் பூனையைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குப் பயமே அங்கேதான். நூல்கண்டோடு பூனை விளையாடுகிற படம் பார்க்க அழகுதான், ஆனால் நூல், ரிப்பன், ரப்பர் பேண்ட், முடி கட்டும் பேண்ட் எதுவும் அதற்கு எட்டும் இடத்தில் கிடக்கவே கூடாது. பூனையின் நாக்கில் தொண்டைப் பக்கமாக வளைந்த முட்கள் இருக்கின்றன, அதில் நூல் மாட்டினால் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியில் சிக்கி மீதி குடலுக்குள் போய்விட்டால், குடல் அசைய அசைய அந்த நூல் மேலேயே கொசுவம் போல மடிந்து, கடைசியில் நூல் குடலை அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதே, அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. குச்சியில் இறகு கட்டிய பொம்மை நல்லதுதான், நீ பிடித்து ஆட்டும் வரைக்கும். விளையாடி முடிந்ததும் உள்ளே வைத்துப் பூட்டிவிடு. லேசர் விளக்கு எனக்குப் பிடிப்பதில்லை. கண்ணுக்கு ஆபத்து, எவ்வளவு துரத்தினாலும் காலில் எதுவும் சிக்காது, பாவம்.

குட்டிக்கு முக்கியம் அளவு. கடைவாய்ப் பல்லைத் தாண்டி உள்ளே போகிற பந்து தொண்டையை அடைத்துவிடும், அதனால் வாய்க்குள் முழுதாக அடங்காத பந்தாகப் பார். அவன் வேகமாக வளர்வான், இன்றைக்குப் பொருந்துகிற பந்து சில மாதத்திலேயே சின்னதாகிவிடும் என்பதையும் மறக்காதே. ஒரே ஒரு ஓட்டை உள்ள பந்தும் வேண்டாம். உள்ளே காற்று இழுபட்டு நாக்கு மாட்டி வீங்கிவிடும், இரண்டு ஓட்டை இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. மான் கொம்பு, குளம்பு, எலும்பெல்லாம் கடிக்கட்டும் என்று கொடுப்பார்கள், பல் உடைவது அதில்தான். நகத்தால் அழுத்திப் பார், கொஞ்சமாவது பதியவில்லை என்றால் அது அவன் பல்லுக்கு ஆகாது. அப்புறம், உள்ளே கீச்சுக் குழல் வைத்த பொம்மை: கிழித்து அந்தக் குழலை விழுங்குவதற்கென்றே சில நாய்கள் இருக்கின்றன. பட்டன் பேட்டரி போட்டு மின்னுகிற பொம்மை உன் வீட்டுப் பக்கமே வர வேண்டாம், விழுங்கினால் கொஞ்ச நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

அட்டையில் 'பாதுகாப்பானது' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதே. குழந்தைகளின் பொம்மைக்கு இருக்கிற கட்டாய விதிகள் பல நாடுகளில் நாய், பூனை பொம்மைக்குக் கிடையாது. நீ பக்கத்தில் இருக்கும்போது கொடுத்துப் பார், பிய்ந்துபோனதை உடனே தூக்கிப் போடு. திடீரென்று வாந்தி எடுத்தாலோ சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே.

உன் குட்டி சும்மா கவ்வுகிற ரகமா, பிய்த்துத் தின்கிற ரகமா என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதைப் பொறுத்துத்தான் துணிப் பொம்மை கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
கனி