கேலண்டருக்குப் பின்னால் இருக்கும் பல்லி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டால் "நல்லாருக்கேன்மா" என்பாய், அதனால் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் பெரிதாக எழுதி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. பேப்பரில் எழுதினால் அதைக் காட்ட முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மாசி மாதம் அனுப்பிய முறுக்கு டப்பா திரும்பி வந்துவிட்டது. பகலில் வீடு பூட்டியிருக்குமே என்று ஆபீஸ் முகவரிக்குத்தான் அனுப்பினேன். மேலே பேனாவால் "ஆள் இல்லை" என்று எழுதியிருந்தது. கொரியர் பையன் மாடி மாறிப் போயிருப்பான். பாதி நொறுங்கிவிட்டது, தூளை மோர்ச்சாதத்தில் போட்டு நானும் மாமா பையன் கதிரும் தின்று தீர்த்தோம். டப்பா திரும்பி வந்த விஷயம் உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன், வேறொன்றும் இல்லை.

லீவுக்கு மாமா கதிரைக் கொண்டுவந்து விட்டுப் போனான். கூடவே அவனுடைய லேப்டாப்பையும். பையன் வந்த மூன்றாம் நாளே கேம் வாங்க ஐநூறு ரூபாய் கேட்டான். ஐநூறு ரூபாய்க்கு ஒரு வாரக் காய்கறி வருமே என்றேன். "அப்போ காசே இல்லாத கேமா பாக்கலாம் அத்தை, நெறைய இருக்கு" என்று ஓர் இடத்தைத் திறந்தான். இட்ச் டாட் ஐஓவாம். இட்ச் என்றால் அரிப்பு என்று அவனே சொல்லிச் சிரித்தான். 2013இல் லீஃப் கோர்க்கரன் என்று ஒரு அமெரிக்கப் பையன் ஆரம்பித்ததாம். யார் வேண்டுமானாலும் தான் செய்த விளையாட்டை அங்கே போடலாம், விலை சைபர் என்றும் வைக்கலாம், மனமிருந்தால் எடுக்கிறவர்கள் காசு கொடுக்கலாம். உனக்கு இதெல்லாம் தெரியும். எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கீரைக்காரி கொசுறுதான் கொடுப்பாள், கீரைக்கட்டையே தூக்கிக் கொடுத்துவிடமாட்டாள். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்ததை ஒருத்தர் ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? அப்புறம் கதிர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, சாயங்கால சீரியல் இரண்டு வாரம் விட்டுப்போய்விட்டது.

ஸ்வீடன் நாட்டுக்காரர் 2008இல் செய்தது ஒன்று. கயிற்றை எரிக்க வேண்டும் என்பதுதான் விளையாட்டின் பெயரே. உள்ளே ஒரு ராட்சசன் நிற்கிறான், மேலே விளக்கு ஒரு கயிற்றில் தொங்குகிறது. கயிற்றை எரித்தால் விளக்கு விழுந்து அவன் செத்தான், முடிந்தது. அதற்கப்புறம் உன்னைப் பாராட்டி ஒரு பாட்டு வருகிறது பார், விளையாட்டைவிட அது நீளம். நம் ஊர் பொன்னாடைக் கூட்டம் மாதிரி இருக்கிறது என்றேன், கதிருக்குப் புரியவில்லை.

ஜேசன் ரோரர் என்பவர் 2007இல் செய்தது இன்னொன்று, ஐந்தே நிமிடம். திரையில் புடவை பார்டர் மாதிரி ஒரு மெல்லிய பட்டை. அதில் ஒரு ஆள் வலப்பக்கமாக நடக்கிறான். வழியில் ஒருத்தி நிற்கிறாள், தொட்டால் கூடவே வருவாள். இரண்டு பேராகப் போனால் குறுகலான சந்துகளில் நுழைய முடியாது, உள்ளே இருக்கும் பெட்டிகளை விட்டுவிட வேண்டியதுதான். நடக்க நடக்க நெற்றி ஏறுகிறது, நரைக்கிறது. திடீரென்று அவள் இல்லை, அந்த இடத்தில் ஒரு கல். அவன் மட்டும் தள்ளாடித் தள்ளாடிப் போகிறான். கதிர் பால் குடிக்கப் போயிருந்த நேரத்தில் இதை நான் நாலு தரம் ஆடினேன். நம் வீட்டில் முன்னே போனது அவர், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆடம்ஸ் குடும்பம். தம்பி டார்ன் கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டுக் குள்ளர்கள் கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்து 2006இலிருந்து இலவசமாகவே கொடுத்துவந்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்தும் குறியும்தான். பூனை என்றால் ஒரு எழுத்து. ஆனால் அந்தப் பூனைக்குக் கால் இருக்கிறது, காலில் அழுக்குப் படும், நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், அத்தனையும் உள்ளே கணக்காக ஓடுகிறது. ஒரு தரம் கோட்டைப் பூனைகள் எல்லாம் வாந்தி எடுத்துச் சாக ஆரம்பித்தனவாம். தேடிப் பார்த்தால், சாராயக்கடையில் குள்ளர்கள் சிந்தியதை மிதித்துவிட்டு, வெளியே வந்து காலை நக்கியிருக்கின்றன. ஒரு நக்கலுக்கு ஒரு கோப்பை முழுவதும் குடித்ததாகக் கணக்கில் தப்பு விழுந்துவிட்டது. நம் வெள்ளச்சி மீன்கடை வாசலில் போய்விட்டு வந்து நக்குமே, அதை நினைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

ஆனால் அடுத்ததாகக் கதிர் படித்துச் சொன்னதைக் கேள். பத்துப் பதினைந்து வருடம் ஜனங்கள் பிரியப்பட்டு அனுப்பும் பணத்தில்தான் அவர்கள் காலம் ஓடியிருக்கிறது. அண்ணனுக்குத் தோலில் புற்றுநோய் வந்தது. வைத்தியச் செலவை நினைத்துப் பயந்துதான், படமெல்லாம் போட்டு விலைக்கு விடுவது என்று முடிவு செய்தார்கள், 2022 டிசம்பரில் வெளியே வந்தது. பழையது இப்போதும் இலவசம்தான். கேட்டாயா? இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் பாலிசி போட்டுக் கொடுக்கிறவள் சொல்கிறேன், கம்பெனி கொடுக்கும் குரூப் பாலிசி கம்பெனியோடு போய்விடும். யார் வேலையை விட்டார்கள், யார் விடவில்லை என்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். சொந்தமாக ஒன்று எடுத்து வைத்துக்கொள். வயது முப்பதைத் தாண்டினால் பிரீமியம் ஏறும். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ பிளஸ் டூ படிக்கும்போது ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவாயே, ஜப்பான் விளையாட்டு, ஒரு சடைக்காரப் பெண் வருவாள், அதையும் தேடிப் பிடித்தோம். யுமே நிக்கி. கனவுக் குறிப்பேடு என்று அர்த்தமாம். 2004இல் செய்தவருடைய நிஜப்பெயர் கூட இன்றுவரை யாருக்கும் தெரியவில்லையாம், கிகியாமா என்று ஒரு புனைபெயர்தான். அந்தப் பெண் தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. கதவருகே கொண்டுபோய் நிறுத்தினால் மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். தூங்கினால்தான் வழி திறக்கிறது. கனவுக்குள் பன்னிரண்டு கதவு, சைக்கிள் கிடைக்கிறது, குடை கிடைக்கிறது, தலை விளக்காக மாறிவிடுகிறது. விழிக்க வேண்டுமென்றால் கன்னத்தைக் கிள்ளிக்கொள்கிறாள். அறையிலேயே ஒரு டிவி கேம், அதில் வானத்திலிருந்து கத்தரிக்காய் விழ விழப் பிடிக்க வேண்டும். கத்தரிக்காயில் நான் நன்றாக வந்தேன்.

முடிவு எப்படி என்று கதிரிடம் கேட்டேன். "வேண்டாம் அத்தை, நல்லாருக்காது" என்றான். விடாமல் கேட்டுச் சொல்ல வைத்தேன். அன்றைக்குத்தான் ராத்திரி பதினொன்றரை மணிக்கு உனக்குப் போன் செய்து, தோசைமாவு புளித்துப்போய்விட்டது என்று என்னத்தையோ உளறினேன். "இதுக்காம்மா இந்நேரத்துல கூப்பிட்ட?" என்று நீ எரிந்து விழுந்தாய். விழுந்துகொள். நீ எரிந்து விழுந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பதினேழு வயதுப் பெண் அதை ஆடிக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று "லைட்டை அணை, கரண்ட் பில்" என்று கத்தியது மட்டும்தான் நான் செய்தது. போன் பண்ணினால் எடு. பேசாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துவிட்டு வை.

மறுநாள் கதிர் இன்னொரு ஜப்பான்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். டைசுகே அமாயா. குகைக்கதை என்று ஒரு விளையாட்டு. கதை, படம், இசை எல்லாம் தனி ஆளாக ஐந்து வருடம் செய்து, 2004 டிசம்பரில் சும்மா வெளியிட்டார். "யோசிச்சுப் பாரு அத்தை, நடுவுல கம்ப்யூட்டர் போயிருந்தா?" என்றான் பையன். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

உன் லேப்டாப்பில் வைரஸ் வரவில்லை பாப்பா.

அரையாண்டில் கணக்கில் இருநூறுக்கு நூற்றுப்பன்னிரண்டு எடுத்தாயே, அந்த வாரம். அரசாங்கம் கொடுத்த லேப்டாப், இலவசமாக வந்ததில் என்ன உருப்படும் என்று அப்பா ஒரு பக்கம். நீ ஸ்கூலுக்குப் போனதும் பையில் போட்டு பஜாருக்கு எடுத்துப்போய், எல்லாவற்றையும் அழித்துக் கொடு என்றேன். முந்நூறு ரூபாய். கடைப் பையன் ஒன்று கேட்டான். "அக்கா, பல்லின்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, பாப்பா ஏதோ செஞ்சிருக்கு போல, தனியா எடுத்து வைக்கவா?" என்று திருப்பி என்னிடம் காட்டிக் கேட்டான். திரையில் அம்பாசமுத்திரத்து ஆச்சி வீட்டு நீலச் சுவர் தெரிந்தது. வேண்டாம் என்றேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் செய்தேன்.

ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் கரண்ட் போன வருடம் அது. வந்த நேரத்துக்குள் செய்து, போவதற்குள் சேமித்து, பல மாத வேலை. வைரஸ் என்று நான் சொன்னதும் நீ ஒன்றுமே பேசவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டாய். தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாய். என்றைக்கும் நீ தட்டைத் துடைத்தவள் இல்லை. மறுநாள் கடைக்குப் போய் அந்தப் பையனிடம் சண்டை போட்டிருக்கிறாய். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டானே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போன வருடம் அவன் பிள்ளைக்கு ஒரு பாலிசி போட வந்தான். அப்போதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவுக்குக்கூடத் தெரியாமலே போய்விட்டது.

கதிரிடம் "பல்லின்னு ஏதாவது இருக்கா பாரு" என்றேன், விளையாட்டாகத்தான். ஒன்று வந்தது. செய்தவர் பெயர் பன்னீர்சோடா. உலகத்தில் வேறு யார் அந்தப் பெயர் வைப்பார்கள்? விலை சைபர். சித்திரையில் போட்டிருக்கிறாய்.

நீலச் சுவர். சாமி கேலண்டர். பல்லி அதற்குப் பின்னாலிருந்து முதலில் தலையை மட்டும் நீட்டுகிறது, நீ சொன்னால்தான் வருகிறது. வாலை விட்டுவிட்டு ஓடினால் புது வால் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கிறது, முளைக்கும்வரை ஆட்டம் மெதுவாகப் போகிறது. பல்லி சத்தமிட்டால் கட்டிலில் இருக்கும் ஆச்சி விரலால் பலகையைத் தட்டிச் "சரி, சரி" என்கிறாள். அந்தக் குரல் யாருடையது? நீயே பேசினாயா? ஆச்சியே எழுந்து வந்த மாதிரி இருந்தது. கதிருக்குத் தெரியாமல் எல்.ஐ.சி. ஆபீசுக்கு எடுத்துப்போய் மீனாட்சி மேடத்திடம் காட்டினேன். என் மகள் செய்தது என்றேன். எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள். இந்த மாதிரி வேலைதான் என்று சொல்லிவிட்டேன்.

அடுப்படிக் கட்டத்தைத்தான் எங்களால் தாண்ட முடியவில்லை. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறாளே ஒருத்தி, பல்லி கிட்டே போனதும் விளக்கை அணைத்துவிடுகிறாள். அந்தப் புடவை எனக்குத் தெரியும், இப்போது தலையணை உறையாக இருக்கிறது. கதிர் வேறு வழி தேடிப் பார்த்தான். நான் பதினேழு தரம் செத்தேன். அவளைத் திரும்ப வைக்க ஏதாவது பட்டன் இருக்கிறதா, இல்லை திரும்பவே மாட்டாள் என்றுதான் செய்திருக்கிறாயா? கதிர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறான், லேப்டாப்பும் போய்விடும். அதற்குள் போன் செய்து சொல்.

முறுக்கு திரும்பவும் சுட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தரம் எந்த முகவரிக்கு அனுப்ப?

அம்மா

பி.கு.: புது மெடிக்கல் பாலிசி எடுத்தால் முதல் 30 நாளைக்கு விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. அதனால் இந்த வாரமே எடு. பிரீமியம் நான் கட்டுகிறேன்.