பவுலோ, அது யார் சட்டை?

அன்புள்ள பவுலோ,

மூன்று வயதுப் பையனாகத்தான் உன்னை எனக்குத் தெரியும். 1924-இல் உன் அப்பா பிக்காசோ உன்னை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தார். உடம்பெல்லாம் நீலமும் மஞ்சளுமாகச் சீட்டுக்கட்டு டைமண்ட் கட்டங்கள், கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ், தலையில் கறுப்புத் தொப்பி. ஹார்லெக்வின் வேஷம். பழைய இத்தாலிய முகமூடி நாடகங்களில் வரும் குறும்புக்கார வேலைக்காரன் அவன். ஒட்டுப் போட்ட சட்டைதான் நாளடைவில் இப்படி ஒழுங்கான கட்டங்களாகிவிட்டது.

உனக்கு முன்னால் இதைப் போட்டுக்கொண்டவர் உன் அப்பா. 1905-இல், பாரிஸின் மோன்மார்த் பகுதியில் உள்ள லாப்பான் அஜில் மதுக்கூடத்துக்கு அவர் வரைந்து கொடுத்த படத்தில் ஹார்லெக்வினாக நிற்பது அவரேதான். பக்கத்தில் ஜெர்மேன். அவள்மீது கொண்ட காதல் கைகூடாமல்தான் அவருடைய நண்பர் காசஜெமாஸ் 1901-இல் தன்னையே சுட்டுக்கொண்டார். படத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

1915-இல் வரைந்தது இன்னும் கலங்கடிக்கும். காதலி ஏவா சாகக் கிடந்த நேரம். கறுப்புப் பின்னணியில் சாய்ந்த பலகை மாதிரி ஒரு கட்டச் சட்டை, மேலே துளியூண்டு தலை, பல்லைக் காட்டும் சிரிப்பு. அந்த டிசம்பரில் ஏவா போய்விட்டார்.

சரி, இவ்வளவு துக்கம் ஊறிய சட்டையைக் கொண்டுபோய் ஒரு குழந்தைக்கு மாட்டுவானேன்? பிரெஞ்சு ஓவியர் செசானின் ஞாபகமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1888 வாக்கில் அவரும் தன் மகனை ஹார்லெக்வினாக்கி 'மார்டி கிரா' வரைந்தார். சிவப்பு, கறுப்புக் கட்டங்கள். அந்தப் பையன் பெயரும் பவுல்! உன் அப்பாவுக்கோ செசான் என்றால் உயிர். ஆனால் அந்தப் பவுல் வளர்ந்த பையன், மிடுக்காக நடந்து வருகிறான். உன் முகத்தைப் பார்த்தால் எப்போது இறங்கலாம் என்று கேட்பதுபோல் இருக்கிறது.

உன் முகத்தையும் சட்டையையும் இழைத்து இழைத்து வரைந்தவர், பாதங்களையும் நாற்காலியின் அடிப்பகுதியையும் வெறும் கோடாகவே விட்டுவிட்டார். நீ இறங்கி ஓடியிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். ஆராய்ச்சியாளர்கள் சிரிக்கட்டும். நாற்காலியின் முன்னங்காலருகே, முதலில் போட்டு மாற்றிய உன் பாதம் ஒன்று இன்னும் அழியாமல் தெரிகிறது. ஆக, உனக்கு மூன்று பாதம். அப்பா அதைத் திருத்தவுமில்லை, படத்தை விற்கவுமில்லை. கடைசிவரை தன்னிடமே வைத்துக்கொண்டார்.